முள் இல்லாத கொடுவா

அந்த உணவகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவர் தாம்பாளம்தான். பரிமாறுவது அவர் வேலையில்லை. எவர்சில்வர் தாம்பாளத்தில் ஐஸ் பரப்பி, அதன்மேல் ஒரு முழுக் கொடுவா மீனைக் கிடத்தி, மேசை மேசையாகக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும், அவ்வளவே. செவுளைத் தூக்கிக் காட்டுவார். பீட்ரூட் சாறு தடவிய சிவப்பு பளிச்சென்று தெரியும். "தொட்டுப் பாருங்க சார்" என்பார். தொடுகிற விரல் முதுகிலேயே விழும்படி தாம்பாளத்தைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். இருபது வருடத்தில் அவர் கற்றுக்கொண்ட ஒரே வித்தை அது. பல நாள் மீன், அதன் வயிறு தொளதொளத்துப் போயிருக்கும்.

காட்டிய மீன் ஐஸ் பெட்டிக்குத் திரும்பும். தட்டுக்குப் போவது குளத்துக் கெளுத்தி. தோலுரித்து, முள்ளெடுத்து, உறைந்த துண்டுகளாக அட்டைப்பெட்டியில் வந்து இறங்கும். அந்தப் பெட்டியைக் கத்தியால் கிழிப்பவருக்கு வெட்டுக்காரர் என்று பட்டம்.

கண்ணை மூடிக்கொண்டு "கடல் வாசம்யா!" என்று உருகுகிறவர்களைப் பற்றித் தாம்பாளம் வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

"எங்கண்ணனுக்குமா அதைப் போடுறீங்க?" என்று மனைவி ஒருமுறை கேட்டாள்.

"உங்கண்ணன்தான் ரெண்டாவது தட்டும் கேட்பாரு."

அந்த மச்சான் சொந்தமாக ஒரு மீன் உணவகம் திறக்கப்போகிறார் என்றதும் தாம்பாளத்தின் சிரிப்பு நின்றது. மீன் வாங்கிப் போடுகிற பொறுப்புக்கு ஆள் தேடுகிறாராம். அது கிடைத்தால் செத்த மீனைச் சுமந்து பல்லிளிக்கிற பிழைப்பு முடிந்தது. மச்சானைச் சாப்பிட அழைத்தார். விடிந்ததும் துறைமுகத்துக்குப் போய், கண்ணைப் பார்த்து, வயிற்றை அமுக்கிப் பார்த்து, அசல் கொடுவா ஒன்றை வாங்கி வந்தார்.

"மசாலாவை அள்ளிக் கொட்டாதே. மீன் ருசி தெரியணும்" என்று மனைவியை விரட்டினார்.

மச்சான் ஒரு துண்டை வாயில் போட்டார். மென்றார். முகம் சுளித்து ஒரு முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்தார்.

"என்ன மீன் மாப்ள இது?"

"கொடுவா மச்சான். நானே பாத்து வாங்கினேன்."

மச்சானுக்குச் சிரிப்பில் புரையேறியது. "நல்லா தலையில கட்டிட்டான் மாப்ள! கொடுவான்னா வாயில வெச்சதும் பஞ்சா கரையணும். இது கெட்டியா கெடக்கு, வாடை வேற அடிக்குது. கொடுவாவுல ஏதுங்க முள்ளு?"

"முள்ளு இல்லாம எப்படி மச்சான்..."

"உங்க ஹோட்டல்ல எத்தனை வருஷமா சாப்பிடுறேன், ஒரு தடவை முள்ளு பட்டிருக்குமா? நீங்கதானே தூக்கிட்டு வந்து காட்டுனீங்க?"

தாம்பாளம் திரும்பிப் பார்த்தார். அடுப்பங்கரை வாசலில் மனைவி முந்தானையால் வாயைப் பொத்தியபடி நின்றாள். உண்மையைச் சொன்னால் வேலைக்கு வழி உண்டு. ஆனால் நண்பர்களோடு வந்து மீசை முறுக்கித் தின்ற மனுஷனுக்கு, தங்கை புருஷனே கெளுத்தியைக் காட்டி ஏய்த்தான் என்றும் சொல்லியாக வேண்டும்.

"ஏமாந்துட்டேன் போல, மச்சான்."

"தப்பா நெனச்சுக்காதீங்க. மீனே தெரியாத ஆளை நம்பி கடையை விட முடியுமா? உங்க வெட்டுக்காரர் வருவாரான்னு கேட்டுச் சொல்லுங்க. அந்தக் கைதான் கை."

அவர் போன பிறகு, மிச்சத் துண்டுகளை மனைவி சட்டியோடு மடியில் வைத்துக்கொண்டு தின்றாள். "ஏங்க, கொடுவா இவ்வளவு நல்லாவா இருக்கும்?" என்றாள்.

அடுத்த வாரம் மச்சான் கூட்டாளிகளோடு உணவகத்துக்கு வந்தார். தாம்பாளம் மீனைக் கொண்டுபோய்க் குனிந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக, வயிற்றுப் பக்கத்தை முன்னால் திருப்பிப் பிடித்தார்.

"தொட்டுப் பாருங்க மச்சான்."

மச்சான் அமுக்கினார். விரல் கணு வரை உள்ளே போனது. அவர் நிமிர்ந்து கூட்டாளிகளைப் பார்த்தார், முகமெல்லாம் பெருமை.

"பாத்தீங்களா? பஞ்சு! இதுதான்யா கொடுவா."