சத்தம் போடாத வளையல்

காகித மணி செய்கிறவர்களிடம் யாரும் எப்படிச் செய்தீர்கள் என்று முதலில் கேட்பதில்லை, "தண்ணி பட்டா என்னாகும்?" என்றுதான் கேட்பார்கள். வீட்டில் உட்கார்ந்து கையால் எதையாவது செய்து நாலு பேரிடம் காட்டிய பாவம் உங்களுக்கும் இருந்தால், இந்தக் கஷ்டம் தெரியும். கேக் செய்தால் முட்டை போட்டதா என்பார்கள். பை தைத்தால் எத்தனை கிலோ தாங்கும் என்பார்கள். எனக்கு வாய்த்தது தண்ணீர்.

பஹ்ரைனில் ஈசா டவுனில் குடியிருக்கிறோம். என் வீட்டுக்காரர் கட்டட வேலை சைட்டில் ஃபோர்மேன். ஃபேமிலி விசாவில் வந்த நான் டியூட்டிக்குப் போக முடியாது. கையோ சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. வழவழப்பான காகிதத்தை நீள முக்கோணமாக வெட்டி, குச்சியில் இறுக்கிச் சுற்றி, நுனியில் பசை தொட்டு ஒட்டி, மேலே மூன்று கோட் வார்னிஷ் அடித்தால் நடு பருத்த அழகான மணி கிடைக்கும். அதைக் கோத்து மாலை, கம்மல், வளையல் எல்லாம் செய்கிறேன். ஆகஸ்ட் மாத ஈரக்காற்றில் வார்னிஷ் காய்வதற்குள் நமக்கு உயிர் போய்விடும். அதனால் எங்கள் வீட்டில் ஏசிக்கு நேர் எதிரே படுப்பது மணிகள். வீட்டுக்காரர் மூலையில்.

ஆஃபர் பேப்பர்

என் மூலப்பொருள் சூப்பர் மார்க்கெட்டுகள் வீடு வீடாகச் செருகிவிட்டுப் போகும் ஆஃபர் பேப்பர். மீன் பக்கத்தில் நல்ல வெள்ளி நிறம் வரும், தக்காளிப் பக்கத்தில் சிவப்பு. எங்கள் கட்டடத்தின் கீழே கடை வைத்திருக்கும் சிக்கந்தர் பாய் கீழக்கரைக்காரர். அவர் கடை வாசலில் கிடக்கும் ஆஃபர் பேப்பரையும் நான் விடாமல் பொறுக்கிக்கொண்டு வருவேன்.

கொஞ்ச நாளாக பாய் முகம் சரியில்லை. வணக்கம் சொன்னால் தலையை மட்டும் ஆட்டுவார். நான் பெரிய கடைகளின் விலையை அவர் கடை விலையோடு ஒப்பிட்டுப் பார்த்து, வாடிக்கையை மாற்றத் திட்டம் போடுகிறேன் என்று மனிதர் நினைத்துக்கொண்டிருக்கிறார். ஒருநாள் பொறுக்கமுடியாமல் கேட்டே விட்டார். "தங்கச்சி, அவன் கடையில வெங்காயம் மலிவா இருக்கலாம். கொத்தமல்லி சும்மா கொடுப்பானா?"

அழகான எழுத்து

மணியைக் காட்டி பாயின் சந்தேகத்தைத் தீர்த்த பிறகு அவரே கட்டுக் கட்டாகப் பேப்பர் கொடுக்க ஆரம்பித்தார். அந்தக் குஷியில் நான் ஒரு காரியம் செய்தேன். எங்கேயோ கிடைத்த அரபிப் பத்திரிகையை வெட்டிக் கம்மல் செய்தேன். எனக்கு அரபி தெரியாது. கொடி படர்ந்த மாதிரி இருக்கிறதே என்று கறுப்பு எழுத்து மேலே தெரியும்படி சுற்றி, பாயின் மனைவி ரஹ்மத்து மாமிக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மாமி வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பாயைக் கூப்பிட்டுக் காட்டினார். பாய் கண்ணருகே கொண்டுபோய் ஒருமுறை படித்தார். மேலே சுற்றியிருந்த வரியில் அல்லாஹ் பெயர் இருக்கிறது என்று பாய் பொறுமையாகச் சொன்னார். கத்தரித்த துண்டுகள் குப்பைக்குப் போயிருக்குமா என்றுதான் அவருக்குக் கவலை. நல்லவேளை, எல்லாம் டப்பாவில் இருந்தது. அப்படியே எடுத்துவந்து கொடுத்தேன். இந்த மாதிரிக் காகிதம் போடுவதற்கென்றே பள்ளிவாசலில் பெட்டி உண்டாம். அன்றே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். நான் மன்னிப்புக் கேட்கக் கேட்க அவர்தான் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். "தெரியாமத்தானே செஞ்சீங்க. இனிமே நானே பாத்துப் பிரிச்சுத் தர்றேன், நீங்க தக்காளி கத்தரிக்காயோட நின்னுக்கங்க."

தங்கம் விளையும் ஊரில்

இங்கே உள்ள தமிழ்ப் பெண்கள் ஒரு வெள்ளிக்கிழமை சின்னக் கண்காட்சி போட்டார்கள். எனக்கும் ஒரு மேசை கிடைத்தது. வந்தவர்கள் எல்லாரும் தொட்டுப் பார்த்தார்கள், தண்ணீரைப் பற்றி விசாரித்தார்கள், பக்கத்து மேசைக்குப் போய் பஜ்ஜி வாங்கிச் சாப்பிட்டார்கள். எண்ணெய்க் கையோடு திரும்பி வந்து மறுபடியும் தொட்டுப் பார்த்தவர்களும் உண்டு.

வயிறு லேசாகத் தெரிந்த ஒரு பெண் மட்டும் வேறு மாதிரி. வளையல்களை எடுத்துக் காதருகே வைத்துக் குலுக்கினாள். இது சத்தம் போடாதா என்று கேட்டாள். போடாதும்மா, காகிதம்தானே என்று குற்றம் செய்தவள் போலச் சொன்னேன். தலையாட்டிவிட்டு என் ஃபோன் நம்பரை வாங்கிக்கொண்டாள். அவளை மேற்கொண்டு விசாரிப்பதற்குள், மாலையைக் கழுத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த இன்னொரு அம்மா அதைக் கழற்றி வைத்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா கல்ஃப்ல இருந்து கழுத்துல காகிதத்தோட போய் இறங்கினா, இவருக்கு வேலை போயிருச்சுன்னுல்ல எங்க மாமியார் நினைப்பாங்க."

என் கெட்டிக்காரத்தனம்

நம்பர் வாங்கிய பெண் அடுத்த வாரமே கூப்பிட்டாள். பெயர் கவிதா, புதுக்கோட்டைப் பக்கம். எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. கணவனுக்கு சவூதியில், ஜுபைலில் பிளாண்ட் வேலை. லீவு நாளில் கடல் பாலத்தைத் தாண்டி இங்கே வந்து போவான். டாக்டர் விமானம் ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டதால் வளைகாப்பு இங்கேயேதான். இரண்டு கைக்கும் நிறைய காகித வளையல் வேண்டும் என்றாள்.

வளைகாப்பு என்றால் வளையல் குலுங்க வேண்டாமா? வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு அந்தச் சத்தம் கேட்கத்தானே போடுவது? கண்காட்சியில் அவள் காதருகே குலுக்கிப் பார்த்தது நினைவுக்கு வந்தது. பாவம், கேட்கத் தயங்குகிறாள் என்று முடிவுகட்டினேன். மணிக்குள் கடுகு போட்டுச் சுற்றினேன், முனகக்கூட இல்லை. நொய்யரிசி போட்டேன், காகிதம் புடைத்ததுதான் மிச்சம். கடைசியில் மனாமா கடைத்தெருவில் குட்டிச் சலங்கை மணிகள் வாங்கி, காகித மணிக்கு நடுநடுவே கோத்தேன். வீடே ஜல்ஜல் என்றது. மாடு வாங்கியிருக்கிறாயா என்று வீட்டுக்காரர் கேட்டார்.

பெருமையாகக் கொண்டுபோய் அவள் முன்னால் குலுக்கினேன். கவிதாவின் முகம் வெளுத்துவிட்டது. இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். தண்ணீர் குடித்த பிறகு சொன்னாள். முதல் பிள்ளைக்கு ஊரில் வளைகாப்பு நடந்த மறுவாரமே வலி கண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். கை வீங்கியிருந்ததால் கண்ணாடி வளையலைக் கழற்ற முடியாமல் ஒவ்வொன்றாக உடைத்து எடுத்தார்களாம். பிள்ளை தங்கவில்லை. அன்றிலிருந்து வளையல் சத்தம் எங்கே கேட்டாலும் உடம்பு நடுங்குகிறது. வளைகாப்பே வேண்டாம் என்றால் ஊரில் அம்மா ஃபோனில் அழுகிறார். இதைச் சொல்லி முடித்துவிட்டு, என் மனம் நோகக் கூடாதே என்று அந்த வளையல்களை மெல்ல என் பக்கம் தள்ளினாள். "சத்தம் வராதுன்னுதான்க்கா உங்ககிட்ட வந்தேன்."

வளைகாப்பு

சலங்கையை எல்லாம் பிரித்தெறிந்துவிட்டு, வெறும் காகித மணியாக எலாஸ்டிக் நூலில் கோத்துக் கொடுத்தேன். அழைத்திருந்த பெண்களிடம் முன்கூட்டியே ஃபோன் செய்து, கண்ணாடி வளையல் போட்டுக்கொண்டு வர வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். எல்லாரும் மொட்டைக் கையோடு வந்தார்கள். கவிதாவுக்கு மாலை போட்டு, சந்தனம் பூசி, அவளுடைய பக்கத்து வீட்டு மல்லிகா அக்கா முதல் வளையலைப் போட்டார். கூடமே அமைதியாக இருந்தது. அந்த அமைதி யாருக்கும் பிடிக்கவில்லை. கவிதா தலையைக் குனிந்துகொண்டாள்.

பிள்ளைக்கு ஏதாவது கேட்க வேண்டுமே என்று மல்லிகா அக்கா முணுமுணுத்தார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் குனிந்து, கவிதாவின் வயிற்றருகே வாயை வைத்து, நான்தான் மல்லிகா பெரியம்மா, பக்கத்து வீடு என்று சொன்னார். கவிதா சிரித்துவிட்டாள். அதன் பிறகு ஆளுக்கொரு வளையலைப் போட்டுவிட்டு, குனிந்து தன் பெயரைச் சொல்ல ஆரம்பித்தார்கள். வரிசையில் கடைசியாக ரஹ்மத்து மாமி. "நான் ரஹ்மத்து, ரெண்டு தெரு தள்ளி கடைக்காரம்மா. நீ வா ராசா, கொத்தமல்லி சும்மா தருவோம்."

எலாஸ்டிக் நூல்

அந்த வளையலைக் கவிதா கழற்றவே இல்லை. பாத்திரம் கழுவினாள், துணி துவைத்தாள், குளித்தாள். ஒரு மணியாவது பிரிந்தால் அவள் மனசு என்ன பாடுபடும் என்று நினைத்து எனக்குத் தூக்கமே போயிற்று. பார்க்கும்போதெல்லாம் அவள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கையைத்தான் பார்ப்பேன்.

வலி எடுத்த அன்று கணவன் ஜுபைலில் இருந்து கிளம்பி பாலத்தில் கியூவில் மாட்டிக்கொண்டான். மல்லிகா அக்காதான் ஆஸ்பத்திரிக்குக் கூடப் போனார். உள்ளே போகும் முன் நகையெல்லாம் கழற்ற வேண்டும் என்று நர்ஸ் சொன்னதும் கவிதா கண்ணை மூடிக்கொண்டாளாம். கை இந்த முறையும் வீங்கித்தான் இருந்தது. நர்ஸ் எலாஸ்டிக்கை இழுத்து இழுத்து, ஒவ்வொரு வளையலாக உருவி, ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். எதுவும் உடையவில்லை. கழற்றி முடித்தது தெரியாமல் கவிதா இன்னும் கையை நீட்டிக்கொண்டே இருந்தாள் என்று அக்கா பிறகு சொன்னார்.

நான் வீட்டில் மணி சுற்றுகிறேன் என்று பேர் பண்ணிக்கொண்டு, சுற்றியதையே திரும்பத் திரும்பப் பிரித்துக்கொண்டிருந்தேன். ஃபோன் அடித்தது. கவிதாவின் குரல் கிணற்றுக்குள் இருந்து வருவது போல இருந்தது. "அக்கா, பாப்பாகிட்ட ஃபோனை வைக்கிறேன். போடுற சத்தத்தைக் கேளுங்க."

தண்ணீர் பட்டால் என்னாகும் என்று கேட்கிறவர்களுக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது: மூன்று கோட் வார்னிஷ் அடித்த மணிக்குக் கண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது, செய்தவளுக்குத்தான் உத்தரவாதம் தர முடியாது.