பட்டாளத்துக்காரர் குனிந்த காலை

எண்பத்தாறில் கல்யாணமாகி ராஜபாளையத்துக்கு வந்த எனக்கு, முதலில் விரோதியானது மாமியார் அல்ல. எதிர்வீட்டு நாயும் அதை வளர்த்தவரும்தான். அவர் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நாய் அந்த ஊருக்கே பேர்போன சாதி. உடம்பு முழுக்க வெள்ளை, மூக்கு மட்டும் ரோஸ். விடிந்ததும் நான் சாணம் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு உள்ளே திரும்புவேன். அவர் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நடைக்குக் கிளம்புவார். நாய் பத்தடி நடந்து, ஊரில் வேறு இடமே இல்லாததுபோல என் கோலத்தில் வந்து உட்காரும். அவர் மில் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார்.

அந்தக் காலத்தில் நாய்க்குப் பின்னால் யாரும் அள்ளியதில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் தன் வாசலில் மட்டும் அதை உட்காரவிடாமல் சங்கிலியைச் சுண்டி இழுப்பவருக்கு, என் வாசல் எப்படி இளப்பமாகப் போயிற்று? ஒருதரம் கேட்டேவிட்டேன். நாய்க்கு வாசல் எது, தெரு எது என்று தெரியுமா, கொஞ்சம் தண்ணியை ஊற்றினால் போச்சு என்றார். ஊற்றுவது நான். உடைந்த தகரத்தால் வழித்து அள்ளுவதும் நான், அதுவும் தண்ணீர்கூடத் தங்காத மசக்கையில். மில்லில் ஷிப்டு முடிந்து வந்து படுக்கும் என் கணவர், பெரிய மனுஷரிடம் வாயைக் கொடுக்காதே என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொள்வார். எனக்கு வேறெதுவும் வேண்டாம். அந்த ஆள் ஒரே ஒரு நாள் என் வாசலில், தன் கையால் அள்ள வேண்டும். அதை நினைத்துக்கொண்டுதான் அந்த மாசங்களில் எனக்குச் சோறே இறங்கியது.

தெரு அவரைக் கொண்டாடியது இன்னொரு வயிற்றெரிச்சல். வாயைத் திறக்காமல், கையை மட்டும் அசைத்து நாயை உட்காரவைப்பார், படுக்கவைப்பார். பட்டாளத்து ஒழுங்கு என்று எல்லோரும் வாயைப் பிளப்பார்கள்.

ஒருநாள் ஆத்திரம் தாங்காமல், நாயின் முதுகுக்குப் பின்னால் தகர வாளியைப் படியில் ஓங்கிப் போட்டேன். கரண்ட் கம்பியில் இருந்த காக்கை அத்தனையும் பறந்தன. அவரே துள்ளிவிட்டார். நாயின் காதுமடல் அசையவில்லை. எடுத்து இன்னொரு தரம் போட்டேன். அது சாவகாசமாக வேலையை முடித்தது. நிமிர்ந்து பார்த்தால் அவர் முகத்தில் ஈயாடவில்லை. சுத்த வெள்ளையாகப் பிறக்கும் குட்டிகளில் சிலதுக்குக் காது கேட்காது என்று அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் அவர் கையசைப்பில் தெருவே ஏமாந்திருந்தது.

நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஒரு நாள் சிரித்துவிட்டு மறந்துவிடுவார்கள். காத்திருந்தேன்.

இரண்டு மாதம் கழித்து, வத்திராயிருப்பில் மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருந்த ஒருவர், காவலுக்கென்று அந்த நாயை விலைபேச வந்தார். நடத்திக் காட்டுவதற்காக நாயை வெளியே கூட்டிவந்தார் பட்டாளத்துக்காரர். அது பழக்கம் விடாமல் நேராக என் கோலத்துக்கு வந்து, உட்கார்ந்து, வேலையை முடித்தது. நான் இறங்கிப்போய்த் தகரத்தை அவர் காலடியில் வைத்தேன். திரும்பிவந்து வாளியைத் தூக்கிப் பிடித்தேன்.

"அண்ணாச்சி, நீங்க அள்ளுதீயளா, இல்ல நான் இந்த வாளியக் கீழ போடவா?"

வந்தவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்க வேண்டியவருக்கு விளங்கியது. வேட்டியை மடித்துக் கட்டினார். குனிந்தார். அள்ளினார். அந்த ஓரத்திலும் இருக்கிறது என்று காட்டினேன், அதையும் வழித்தார். என் பிள்ளை பிறந்தபோதுகூட அவ்வளவு சந்தோஷப்படவில்லை என்று சொன்னால் வைவார்கள், ஆனாலும் அதுதான் நிஜம். நாயை அன்றைக்கே கொண்டுபோய்விட்டார்கள். வாங்கிப் போனவரைப் பற்றி நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் இருக்கும் என் பிறந்த வீட்டுக்குப் போனபோது, பஸ் ஸ்டாண்டில் நாயை வாங்கிப் போனவரே என்னை அடையாளம் கண்டு வந்து பேசினார். நாய் எப்படி இருக்கிறது என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன். முதல் காய்ப்பிலேயே களவாணிகள் தோப்பை மொட்டையடித்துவிட்டார்களாம். நாய் கட்டிலுக்கடியில் தூங்கிக்கொண்டிருந்ததாம். குத்தகை கைவிட்டுப்போய், இப்போது அடுத்தவர் தோப்பில் கூலிக்குக் காய் பறிக்கிறாராம்.

வாங்கும்போதே ஒரு சத்தம் கொடுத்துப் பார்த்திருக்கலாமே என்றேன். என் குரலில் அதட்டல்கூட இருந்தது.

"பாக்கணும்னுதான் தாயி வந்தேன். ஆனா அந்த மனுசன் ஒங்க வாசல்ல குனிஞ்சு அள்ளுனாரு. நாய்ப்பீயக் கூச்சப்படாம அள்ளுத ஆளு பொய் சொல்லுவாரான்னு, ஒண்ணும் பாக்காமயே வாங்கிட்டேன்."

வத்திராயிருப்பு பஸ் வந்தது, அவர் ஏறிப் போனார்.