கரை வேட்டி கட்டிய மீன்

போன ஞாயிற்றுக்கிழமை என் மைத்துனருக்குப் பிரசவம் ஆனது... என்றால் நம்புவீர்களா? கொஞ்சம் பொறுங்கள், விவரமாகச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டு ஹாலில் ஒரு மீன் தொட்டி. உள்ளே சிக்லிட் வகை மஞ்சள் மீன்கள். அதில் ஆண் எது, பெண் எது? இதைச் சொல்ல எங்கள் ஊர் போடியில் என்னை விட்டால் ஆள் கிடையாது என்பது என் நினைப்பு. ஏலக்காயை உள்ளங்கையில் உருட்டியே தரம் சொல்கிற ஊர் இல்லையா, அந்தத் திமிர். ஆனால் ஏலப் பூவில் ஆணும் பெண்ணும் ஒன்றாகவே இருக்கும். பிரித்துப் பார்க்கிற வேலையே எங்களுக்கு இல்லை. அதை நான் யோசிக்கவில்லை.

செல்போனில் எங்கேயோ படித்தேன் — துடுப்பில் கறுப்புக் கரை அழுத்தமாக இருந்தால் ஆண். அட, கரை வேட்டி! தொட்டியில் பெரிய மீன் ஒன்று அப்படித்தான் கரையோடு அதிகாரம் பண்ணிக்கொண்டு திரிந்தது. போடிமெட்டுக்கு எஸ்டேட் ஆட்களை ஏற்றிப் போகிற ஜீப்பை ஓட்டும் என் மைத்துனர் முருகன்தான் நினைவுக்கு வந்தார்; அவரும் கரை வேட்டியும் அதிகாரமுமாகத்தான் திரிவார். அவரைக் கூப்பிடுவது போலவே மீனுக்கும் ‘மாப்ளே’ என்று பெயர் வைத்தேன். வீட்டுக்கு வந்தவர்களை எல்லாம் தொட்டி முன்னால் நிறுத்தி வகுப்பெடுத்தேன்.

திடீரென்று மாப்ளே சாப்பிடவில்லை. தாடை வீங்கி, ஓரமாக ஒதுங்கி நின்றது. மீன் கடையில் ஒரு வார்த்தை கேட்கச் சொன்னாள் என் மனைவி செல்வி. நானா கேட்பேன்? வாயில் ஏதோ புண் என்று நானே முடிவு கட்டினேன். உள்ளுக்குள் பயம்தான். ஆசையாக வளர்த்தது, செத்துப்போய்விடுமோ...

ஞாயிறு காலையில் உப்பு வைத்தியம். வாளியில் தொட்டித் தண்ணீரை மொண்டு, மாப்ளேயை வலையில் பிடித்து அதில் விட்டேன். உப்புப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது அது வாயைத் திறந்தது. உள்ளேயிருந்து சின்னச் சின்னக் குஞ்சுகள் வந்துகொண்டே இருந்தன. முட்டையையும் குஞ்சையும் வாயிலேயே சுமக்கிற வகையாம் இது. சுமப்பது அம்மா. பட்டினி கிடந்ததும் அதற்குத்தான்.

செல்வி வாளியை எட்டிப் பார்த்தாள்.

“என்னங்க, எந்தம்பிக்கு நாம வளைகாப்புக்கூடப் போடலையே.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் பண்ணிய கூத்தில் குஞ்சுகள் வெளியே வந்துவிட்டன. இனிப் பிழைக்குமா? உப்பை ஓரமாக வைத்துவிட்டு, வாளிமேல் துண்டைப் போட்டு மூடினேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் ஒரு குஞ்சையும் காணோம். தின்றுவிட்டதா? நன்றாகக் குனிந்து பார்த்தேன். தாடை மறுபடியும் வீங்கியிருந்தது. உதட்டோரம் இரண்டு குட்டிக் கண்கள். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆனாலும் புத்தி விடுமா? சில பெண் மீன்களுக்கும் கரை வரும், அதனால்தான் இந்தக் குழப்பம் என்று செல்விக்கு விளக்க ஆரம்பித்தேன்.

“அது வாய மூடிக்கிட்டுப் பிள்ளைகளக் காப்பாத்துது. நீங்களும் செத்த நேரம் மூடுங்க, பயந்துறப் போகுது.”

இப்போது எங்கள் வீட்டில் இரண்டு பேர் வாயைத் திறப்பதில்லை — அதில் ஒருவருக்குத்தான் கௌரவமான காரணம்.