தூக்க நோய் வந்தவர்

மாட்டுத்தாவணியில் அழகர்கோவில் பஸ் கிளம்பியதும் பக்கத்து சீட்காரர் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். ஐம்பது வயதிருக்கும். ஒட்டிய கன்னம், புது வெள்ளைச் சட்டை. திடுக்கிட்டு விழித்தவர் சங்கடப்பட்டார்.

"ஆப்பிரிக்காவுல மரம் வெட்டப் போன இடத்துல ஈ கடிச்சுத் தூக்க நோய் வந்துருச்சு தம்பி. கிருமி மூளைக்குள்ள போயி வீங்க வச்சு, தூக்கத்துக்கான ரசாயனத்தையே குழப்பிருச்சாம். கிருமி செத்துருச்சு. ஆனா ராத்திரி முழிக்கிறேன், பகல்ல தூங்குறேன்."

"தனியாவா போறீங்கண்ணே?"

"கோயில்ல வச்சு மகளைப் பொண்ணு பாக்க வாராங்க. என்னை எழுப்பாமலே வீட்டுல எல்லாரும் போயிட்டாங்க."

அவர் கண் சொருகும்போதெல்லாம் பேச்சுக் கொடுத்தேன். இறங்கியதும் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு, "தூங்குன மூஞ்சி மாதிரி இருக்கா?" என்றார்.

"இல்லண்ணே."

கூட்டத்துக்குள் வேகமாக நடந்தார். அவரைப் பார்த்ததும் அந்த மகள் என்ன செய்திருப்பாள் என்று இன்னும் நினைத்துக்கொள்கிறேன்.