சுடாமல் ஆடிய சித்தி

அந்தக் கோடை விடுமுறையில், தாராபுரத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த சித்தி ஒற்றைப் பையோடு வீரபாண்டியில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தாள். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. "சித்தியத் தனியா உட்டுட்டு எங்கியும் போயிராத கண்ணு" என்று தினமும் சொல்லிவிட்டுத்தான் அம்மா பனியன் கம்பெனிக்குக் கிளம்புவாள். எனக்குப் பதினோரு வயது. பேசாமல் உட்கார்ந்திருக்கும் ஒருத்தியை என்ன செய்வது? கம்பெனிக்குள் போன் கூடாது என்பதால் அம்மாவின் போன் வீட்டில்தான் இருக்கும். அதைச் சித்தியின் கையில் கொடுத்து, அப்பாவின் பழைய போனில் நான் ஆடும் துப்பாக்கி விளையாட்டில் அவளையும் சேர்த்துக்கொண்டேன்.

அதில் ஒரு வித்தை உண்டு. ஓடும்போதே சறுக்க வேண்டும். சறுக்கல் நிற்பதற்குள் குதித்து, கால் தரையில் படும் முன்பே உடம்பை வேறு பக்கம் திருப்பிவிட வேண்டும். அப்படிச் செய்தால் யாராலும் குறிவைக்க முடியாது. அது கைவர எனக்கு முழுதாக ஒரு மாதம் ஆயிற்று. சித்திக்கு மூன்றே நாள்.

"ஓவர்லாக் தையல் மிஷின் ஓட்டுன கை கண்ணு. ஒவ்வொரு கைக்கும் தனித்தனி வேலைன்னு பழகிருச்சு" என்றாள். வந்ததிலிருந்து அவள் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

ஆனால் சுட மாட்டாள். "சுடுங்க சித்தி!" என்று நான் கத்தினாலும், "பாவம், போறான் உடு" என்பாள். எனக்கு ஆத்திரமாக வரும்.

ஒரு மத்தியானம், ஆட்டத்தில் நான் செத்துப்போய் அவள் திரையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரி ஒருவன்தான் மிச்சம். சித்தி ஜன்னல் வழியே பாய்ந்து, சறுக்கி, அந்தரத்தில் திரும்பினாள். அவன் சுட்டதெல்லாம் சுவரில் போய்ப் பட்டது. சித்தி வாய்விட்டுச் சிரித்தாள்.

வாசலில் சித்தப்பா நின்றிருந்தார். எப்போது வந்தாரோ.

"சிரிப்பு வேறயா? கெளம்பு."

சித்தி போனைப் போட்டுவிட்டு எழுந்தாள். என்னை இழுத்துத் தன் பின்னால் நிறுத்திக்கொண்டாள்.

"நான் வரலீங்க."

அவர் படியேறினார். அதற்குள் பக்கத்து வீட்டு அக்கா வெளியே வந்து, "ஏனுங்க, யாருங்க வேணும்?" என்று கேட்கவே, படியிறங்கி வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். சித்தி அதன் பிறகு தாராபுரம் போகவே இல்லை. அடுத்த மாதம் அம்மாவின் கம்பெனியிலேயே தையலுக்குச் சேர்ந்தாள்.

அன்று எனக்கு இருந்த கவலையே வேறு. தரையில் கிடந்த போனில், அசையாமல் நின்றுவிட்ட சித்தியை எதிரி சுட்டு வீழ்த்தியிருந்தான். சித்தி உட்கார்ந்து என்னைக் கட்டிக்கொண்டாள். இறுக்கிய பிடியை விடவே இல்லை. தோற்றுப்போன வருத்தம்தான் என்று நினைத்து, அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

"அடுத்த ஆட்டத்துல ஜெயிச்சுக்கலாம் சித்தி."