பள்ளத்துத் தெருக் குழாய்

அருப்புக்கோட்டைக்கு வாக்கப்பட்டு வந்த முதல் வாரத்திலேயே எனக்குக் கோபம் வந்துவிட்டது. புருஷன் மேல் இல்லை, அந்த ஊர்த் தண்ணீர் மேல். நான் நரிக்குடிப் பக்கத்துக்காரி. எங்கள் ஊர்க் கண்மாயில் வெயில் காலத்திலும் கொஞ்சம் கிடக்கும். இங்கே கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது, அப்படி ஓர் உப்பு. குடிக்கவும் சோறு பொங்கவும் நகராட்சிக் குழாய்தான் கதி. அதுவும் மேட்டில், கடைவீதிக்குப் பின்தெருவில் இருந்தது. எங்கள் தெரு பஞ்சுக் கிட்டங்கிகளைத் தாண்டிப் பள்ளத்தில். மூட்டை தூக்குகிறவர்களும் தெருக் கூட்டுகிறவர்களும் குடியிருக்கிற இடத்துக்குக் குழாய் ஒரு கேடா என்று யாரோ நினைத்திருக்க வேண்டும்.

சட்டப்படி அது பொதுக் குழாய். வழக்கப்படி வேறு. பித்தளைக் குடங்கள் ஒரு வரிசை, எங்கள் மண்குடங்கள் தள்ளி இன்னொரு வரிசை. பித்தளை முழுக்கத் தீர்ந்த பிறகுதான் மண் நகரும். முக்கால்வாசி நாள் எங்கள் முறை வரும்போது குழாய் 'புஸ்' என்று மூச்சு விட்டு அடங்கிவிடும். எங்களுக்கு வேண்டியதெல்லாம் எங்கள் தெருவில் ஒரே ஒரு குழாய். எங்கள் ஆம்பிளைகள் கவுன்சிலரைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார்கள். அவர் "ஆகட்டும், ஆகட்டும்" என்பார். வருஷந்தான் ஆனது.

ஒருநாள் பலசரக்குக் கடை முதலாளியம்மா நிறைகுடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சேலையைச் செருகிக்கொண்டிருந்தாக. நான் திரும்பும்போது என் குடம் அதில் லேசாக உரசிவிட்டது. அவுக ஒரு வார்த்தை திட்டவில்லை. குடத்தைச் சாய்த்து அவ்வளவு தண்ணீரையும் மண்ணில் கொட்டினாக! கையோடு கொண்டுவந்த புளியைப் போட்டுத் தேய்த்து, குழாயிலேயே அலசி, மறுபடி பிடித்துக்கொண்டு போனாக. அடி ஆத்தீ! என்னைத் தீட்டென்று நினைத்ததில் உடம்பெல்லாம் எரிந்தது. குடிக்கிற தண்ணீரைத் தெருவில் கொட்டியதில் வயிறும் சேர்ந்து எரிந்தது. அன்றைக்கும் என் குடம் காலியாகத்தான் வீடு திரும்பியது.

வீட்டில் என் மாமியாரிடம் குதித்தேன். அத்தை சுமாரான உயரம், சிரித்த வாய், ஊசியில் ஒரே குத்தில் நூல் கோர்க்கிற கண்.

"வந்ததும் வராததுமா வம்பை வெலைக்கு வாங்காதடி. அவுக தண்ணியை அவுக கொட்டுறாக, நமக்கென்ன?"

"அவுக தண்ணி ஏது அத்தை? கழுவுறதுல போறது நம்ம பங்கு. இப்படியே எல்லாருங் கழுவுனா அவுகளுக்கும் மிஞ்சாது."

அத்தை அடுப்பைப் பார்க்கப் போனாக. கொஞ்ச நேரம் கழித்து, "எல்லாருங் கழுவுனா..." என்று தனக்குத்தானே சொல்லிச் சிரித்தாக.

மறுநாள் குழாயடியில் அத்தை தடுமாறினாக. மண்குடம் போய் ஒரு பித்தளையில் இடித்தது. "ஐயையோ, கண்ணு தெரியலையே தாயி!" என்று ஒரு கூப்பாடு வேறு. ஊசி கோர்க்கிற கண்ணுக்குக் குடம் தெரியவில்லையாம்! அந்தக் குடம் கொட்டப்பட்டது, கழுவப்பட்டது. அதிலிருந்து எங்கள் தெருப் பொம்பளைகளுக்கெல்லாம் திடீர் திடீரென்று கால் இடறத் தொடங்கியது. ஒருத்திக்குத் தலைசுற்றல், ஒருத்திக்குக் காலில் முள். மேட்டுக்காரர்கள் காலையெல்லாம் புளியும் கையுமாக நின்றார்கள். பித்தளை வரிசை பாதி தீருமுன்னே குழாய் அடங்கியது. எங்களுக்கும் தண்ணீர் இல்லைதான். ஆனால் அது எங்களுக்குப் பழகிப்போன ஒன்று, அவுகளுக்குப் புதுசு.

கடைசியில் கடைவீதி ஆம்பிளைகள் கூட்டமாகக் கவுன்சிலரிடம் போனார்கள். "அவுகளுக்குத் தனியா ஒரு குழாயைப் போட்டு விடுங்க, இங்க வரவேண்டாம்" என்றார்களாம். அவ்வளவுதான். அடுத்த வாரமே பள்ளம் தோண்டி, குழாய் நட்டு, கழுத்தில் செவ்வந்தி மாலையும் போட்டாகிவிட்டது. வேண்டும் என்று நாங்கள் கேட்டு வராத குழாய், நாங்கள் வரக்கூடாது என்று அவுக கேட்டதும் வந்துவிட்டது. இந்த நியாயத்தை எந்தச் சாமியிடம் போய்ச் சொல்ல? எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அத்தை மட்டும் குழாய்க்குக் குலவை போட்டாக.

அவசரத்தில் மேட்டுக்காரர்கள் ஒன்றை மறந்துபோனார்கள். தண்ணீர் பள்ளத்தைப் பார்த்துத்தான் ஓடும். சித்திரை வெயிலில் வரத்துக் குறைந்ததும் மேட்டுக் குழாய் சொட்டுப் போட ஆரம்பித்தது. எங்கள் குழாயோ ஜோராகக் கொட்டியது. ஒரு காலையில் பார்த்தால் சரிவில் பித்தளைக் குடம் ஒன்று இறங்கி வருகிறது. முதலாளியம்மாவேதான்!

"பித்தளைக்குத் தனி வரிசை! மண்ணெல்லாம் முடிஞ்சப்புறம்!" என்று ஒருத்தி கத்தினாள். நானும் அதைத்தான் சொல்லலாம் என்று இருந்தேன். அத்தை கையை ஆட்டினாக.

"வாயை மூடுங்கடி. இங்க ஒரே வரிசைதான். வந்தவுக வந்தபடி நில்லுங்க."

முதலாளியம்மா வரிசையில் போய் நின்றாக. முன்னால் ஒரு மண்குடம், பின்னால் ஒரு மண்குடம். முறை வந்து குடம் நிறைந்தது. குனிந்து தூக்கப் பார்த்தாக, முடியவில்லை. பெரிய குடம், ஒரு கை பிடித்து இடுப்பில் ஏற்றிவிட ஆள் வேண்டும். அவுக யாரையும் கூப்பிடவில்லை. கழுத்தெல்லாம் வேர்த்து நின்றாக.

அத்தை போய் இரண்டு கையாலும் அந்தப் பித்தளையைப் பிடித்துத் தூக்கி, அவுக இடுப்பில் வைத்தாக.

முதலாளியம்மா அத்தை முகத்தைப் பார்த்தாக. பிறகு மெல்ல மேடு ஏறினாக. கிட்டங்கி முக்கில் நின்று குடத்தைச் சரித்தபோது கொட்டப் போறாக என்றே நினைத்தேன். கொட்டவில்லை. மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டாக.

"வீட்டுல போய்க் கொட்டுவாக அத்தை, பாருங்க" என்றேன்.

"கொட்டட்டுமே. அந்தப் பெரிய குடம் ரெண்டு நாளைக்குக் காணும். கொட்டுனா நாளைக்கே நம்ம குழாய்க்குத்தானடி வரணும்!"

தெருவே சிரித்தது. மறுநாள் விடிந்ததிலிருந்து நான் சரிவையே பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசிக் குடமும் நிறைந்து குழாய் அடங்கியது. அவுக வரவில்லை.