அக்காவின் ஆமை பட்டினி கிடந்த கதை

எங்கள் சேவலை ஜப்பான் சிப்பாய் ஒருவன் சைக்கிளில் தலைகீழாகக் கட்டிக்கொண்டு போனானே, அதற்கு அடுத்த மாதம் இது நடந்தது. அந்தச் சேவலும் லேசுப்பட்டதில்லை. தெருமுனை வரைக்கும் அவன் முழங்காலைக் கொத்திக்கொண்டேதான் போனது. அது கிடக்கட்டும், நான் சொல்ல வந்தது ஆமையைப் பற்றி.

நான் அப்போது ஜப்பான்காரன் பிடித்து ஆண்ட ஜார்ஜ்டவுனில் அக்கா வீட்டில் இருந்தேன். அக்காவின் ஆமை திடீரென்று தின்பதை நிறுத்திவிட்டது. கங்கோங் கீரை, பப்பாளி, எதை வைத்தாலும் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் எங்களோடு பழகி, பேச்சுக்குப் பேச்சு 'லா' போட்டுத் தமிழ் பேசுவார். தினமும் வேலிக்கு மேல் எட்டிப் பார்ப்பார்.

"சாவறதுக்குள்ள குடுத்துடு லா தங்கச்சி. சூப்பு வெச்சா ஒனக்கும் ஒரு கிண்ணம்."

"ஒங்க வாயில மண்ணு விழ," என்று அக்கா அழுவாள்.

ஓட்டுக்கு விளக்கெண்ணெய் தடவினாள். மிளகாய் கிடைக்காததால் வெறும் உப்பைச் சுற்றித் திருஷ்டி கழித்தாள். பிறகு, "நீ தின்னு காட்டுடா, பாத்துக் கத்துக்கும்," என்று என்னை அதன் எதிரில் உட்கார வைத்தாள். நான் பச்சைக் கங்கோங் ஒரு கட்டு தின்றேன். ஆமை ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. எனக்குத்தான் வயிறு போனது.

சேவல் போன பயத்தில் ஆமையைக் குளியலறையில் ஒளித்து வைத்திருந்தோம். காலை எட்டு மணிக்குக் கொல்லையில் விட்டுத் தீனி வைத்து, ஒன்பதுக்கு உள்ளே தூக்கிவிடுவோம். அத்தான் ஆபீஸ் கிராணி, அதாவது குமாஸ்தா. ஜப்பான்காரன் கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி டோக்கியோ நேரம் ஆக்கியதும், வீட்டுக் கடிகாரத்தையும் தள்ளிவிட்டார். புது எட்டு மணிக்குக் கொல்லையில் சரியாக விடிந்திருக்காது. அது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

ஒரு லீவு நாளில் அத்தான் சாவி கொடுக்க மறந்து கடிகாரம் நின்றுவிட்டது. அக்கா தாமதமாகத்தான் ஆமையை வெளியே விட்டாள். நல்ல வெயில். ஓடு சூடானதும் தலை வந்தது, நாலு காலும் வந்தது, நேரே பப்பாளிக்குப் போனது.

அத்தான் ஓடி வந்தார். "மணி பத்தரை இருக்கும். தூக்கு உள்ள. ரூல்ஸ்னா ரூல்ஸ்."

"ஒங்க டோக்கியோவ ஆபீஸ்லயே வெச்சுக்குங்க. என் ஆமைக்கு வெயில் வந்தாத்தான் எட்டு மணி."

வேலிக்கு மேலே சீனக் கிழவரின் முகம் தொங்கிப்போனது. "அப்ப சூப்பு இல்லையா லா?"

ஆமை வளர்ப்பவர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் இதைச் சொல்லுங்கள்: கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம், முதலில் வெயிலில் விடச் சொல்லுங்கள். எதிரில் உட்கார்ந்து கீரை தின்ன வேண்டாம் என்றும் மறக்காமல் சொல்லுங்கள்.